லண்டித் தீவு: 3.3 சதுர கிலோமீட்டர் கடலை மூடியபோது

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள ஒரு சிறு தீவையும், அதன் கிழக்குக் கரையை ஒட்டி 2003 ஜனவரியில் மீன்பிடிக்கு முழுக்க மூடப்பட்ட 3.3 சதுர கிலோமீட்டர் கடலையும் பற்றிய பதிவு இது. இயற்கையைக் காப்பதற்காகப் பிரிட்டனில் சட்டப்படி இப்படி மூடிய முதல் கடல்பகுதி இதுதான். பயிற்சி வகுப்புகளில் இதை "மூடினார்கள், சிங்கி இறால் பெருகியது" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். பெருகியது உண்மைதான். ஆனால் மூடியவர்கள் முதன்மையாகக் காக்க நினைத்தது சிங்கி இறாலை இல்லை. அந்த இடைவெளிக்காகத்தான் இதை முதலிலிருந்து எழுதுகிறேன். இதில் வரும் காவலர், மீனவர், முக்குளிப்பவர், ஆய்வாளர் எவரையும் பெயர் சொல்லவில்லை.

பின்னணி: தீவும் அதன் பிழைப்பும்

டெவன் கரையிலிருந்து சுமார் 19 கி.மீ. தள்ளி, பிரிஸ்டல் கால்வாய் அட்லாண்டிக்கில் கலக்கும் வாயில் இருக்கிறது லண்டி. நீளம் 5 கி.மீ., அகலம் ஒரு கி.மீ. அளவுதான். பெரும்பகுதி கருங்கல். மேற்குப் பக்கம் செங்குத்துப் பாறை; கடல் அங்கே நேராக வந்து மோதும். கிழக்குப் பக்கம் காற்று மறைவான சரிவு. கப்பல் அணைவதும் படகுகள் நங்கூரம் போடுவதும் அந்தப் பக்கம்தான். ஆண்டு முழுக்கத் தீவில் தங்கியிருப்பவர்கள் ஏறக்குறைய முப்பது பேர். எல்லாரும் ஏதோ ஒரு வகையில் தீவை நடத்தும் வேலையில் இருப்பவர்கள்.

1969-இல் தீவு விற்பனைக்கு வந்தது. ஒரு கொடையாளர் 1,50,000 பவுண்டு கொடுக்க, நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை அதை வாங்கியது. குத்தகைக்கு எடுத்து இன்றுவரை நடத்துவது லேண்ட்மார்க் டிரஸ்ட். பழைய கலங்கரை விளக்கம், கோட்டை, கொட்டில்கள் என இருபதுக்குச் சற்று அதிகமான கட்டடங்களைப் பழுதுபார்த்து, தங்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஆண்டுக்கு 20,000 பேரை ஒட்டி வந்துபோகிறார்கள். அவர்கள் தரும் பயணக் கட்டணம், வாடகை, ஒரே மதுக்கடையில் சாப்பிடும் சாப்பாடு, கடையில் வாங்கும் தபால் தலை ஆகியவைதான் தீவின் அன்றாட வருமானம்.

தபால் தலை என்றதும் ஒரு கிளைக்கதை. லண்டி என்ற பெயரே பழைய நார்ஸ் மொழியில் 'பஃபின் தீவு' என்று பொருள்படும். 1929-இல் அன்றைய உரிமையாளர் தன் தலையையும் பஃபின் பறவையையும் பொறித்துச் சொந்த நாணயம் அடித்துவிட்டார். வழக்காகி 5 பவுண்டு அபராதம் கட்டினார். நாணயம் நின்றது, தபால் தலை மட்டும் நிற்கவில்லை. இன்றும் அதன் மதிப்பு 'பஃபின்' கணக்கில்தான்.

தீவுக்குப் போக வழி குறைவு. 1958-இல் கட்டிய ஓல்டன்பர்க் என்ற கப்பல் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் வரை டெவன் கரையின் பிடிஃபோர்டிலிருந்தோ இல்ஃப்ராகோமிலிருந்தோ இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். குளிர்காலத்தில் ஹெலிகாப்டர். மின்சாரம் ஜெனரேட்டரில், நள்ளிரவில் நிறுத்தி விடிகாலையில் போடுவார்கள். குடிநீரை அளந்துதான் செலவழிக்க வேண்டும். கப்பலில் எத்தனை இருக்கை, தீவில் எத்தனை கட்டில் என்பதே வருகையாளர் எண்ணிக்கைக்கு வரம்பு. மத்தியதரைக் கடல் தீவுகள் பலவற்றுக்கு வாய்க்காத வசதி இது. அங்கெல்லாம் கூட்டம் வந்து நிறைந்த பிறகு வரம்பு தேடுகிறார்கள். இங்கே வரம்பு முதலிலேயே இருந்தது.

ஒரு ஓட்டையும் இருந்தது. முக்குளிப்பவர்களும் தூண்டில் பொழுதுபோக்காளர்களும் கப்பலில் வருவதில்லை. பெருநிலத்திலிருந்து வாடகைப் படகில் வந்து, தீவில் கால் வைக்காமலேயே திரும்பிப் போவார்கள். கரைக்கு வாசல் ஒன்று. கடலுக்கு வாசலே கிடையாது.

கவனத்தில் பட்டது: நீருக்கடியில்

பிரிட்டனின் ஆழங்குறைந்த கடலில் வாழும் கிண்ணப் பவள இனங்கள் ஐந்து. ஐந்தும் லண்டியில் உண்டு. தெற்கத்திய வெதுவெதுப்பான நீரில் வாழும் இனங்கள் தங்கள் வடக்கு எல்லையை ஒட்டி இங்கே பிழைத்துக்கிடக்கின்றன. அவற்றில் ஒன்று 'அந்திநிறக் கிண்ணப் பவளம்'. கட்டைவிரல் நகம் அளவில், மஞ்சள்கருவின் நிறத்தில், பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். கிழக்குக் கரையில் நால் பின்ஸ் என்ற நீருக்கடிப் பாறைக்கூம்புகளில் இது இருப்பது முக்குளிப்பவர்களிடையே பிரபலம். அதே பாறைகளில் இளஞ்சிவப்புக் கடல் விசிறியும் உண்டு. அது ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஒரு கைச்சாண் விசிறி என்றால் இருபது வருட வளர்ச்சி. ஒரு நங்கூரச் சங்கிலி பாறையில் ஒருமுறை உரசினால் போதும், இருபது வருடமும் போச்சு.

1960-களிலேயே இங்கே மூழ்கிப் பார்த்த சிலர், இந்தக் கடலுக்குக் காப்பு வேண்டும் என்று பேசத் தொடங்கினார்கள். அந்தப் பத்தாண்டுகளில் இன்னொன்றும் கண்ணுக்கு எதிரிலேயே நடந்துகொண்டிருந்தது. தென்மேற்கு இங்கிலாந்து முழுக்க முள் சிங்கி இறாலை முக்குளித்தும் வலை போட்டும் எடுத்துத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தவர்களில் பலர் பொழுதுபோக்கு முக்குளிப்பவர்கள். ஆக, கடலைக் காக்கச் சொன்ன கூட்டமும் காலிசெய்த கூட்டமும் ஒரே உடுப்பைத்தான் மாட்டியிருந்தன. இதைச் சொல்லாமல் கதையை மீனவருக்கு எதிராகத் திருப்புவது நியாயமில்லை.

பெயர்க் குழப்பம் வராமல் இருக்க ஒரு விளக்கம். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் நாம் சிங்கி இறால் என்பதற்குக் கொடுக்கு கிடையாது. நீண்ட முள் மீசைதான். லண்டியின் முள் சிங்கி இறால் அதன் உறவு. அங்கே மீனவர் கூடு (இரை வைத்துக் கடலடியில் இறக்கும் பொறி) வைத்துப் பிடிக்கும் ஐரோப்பியச் சிங்கி இறால் வேறு. கருநீல ஓடு, ஒன்று தடித்தும் மற்றது கூர்மையாகவும் இரண்டு பெரிய கொடுக்குகள். கீழே வெறுமனே 'சிங்கி இறால்' என்று எழுதும் இடத்தில் இந்தக் கொடுக்கு உள்ளதையே குறிப்பிடுகிறேன்.

முதல் முப்பது ஆண்டு: கேட்டுப் பார்த்தது

1970-களின் தொடக்கத்தில் லண்டியைச் சுற்றித் தன்னார்வக் கடல் காப்பகம் ஒன்றை அறிவித்தார்கள். சட்டம் எதுவும் பின்னால் இல்லை. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்பதே மொத்த விதியும். பிரிட்டனில் அப்படி ஒன்று அதற்குமுன் இருந்ததில்லை. 1981-இல் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1986-இல் லண்டி நாட்டின் முதல் சட்டபூர்வக் கடல் இயற்கைக் காப்பகம் ஆனது.

சட்டம் வந்ததும் எல்லாம் மூடிக்கொண்டது என்று எண்ண வேண்டாம். இழுவை மடியும் (படகு இழுத்துச் செல்லும் பெரிய வலை) தரையைச் சுரண்டும் கருவிகளும் தடையாயின. கூடு வைத்து நண்டும் சிங்கி இறாலும் பிடிப்பது தொடர்ந்தது. 1990-களின் நடுவில் மண்டலத் திட்டம் போட்டார்கள். எங்கே நங்கூரம் போடலாம், எங்கே கூடு வைக்கலாம், மூழ்கிய பழைய கப்பல்களின் மேல் எங்கே கை வைக்கக் கூடாது என்று ஒரே வரைபடத்தில், நிறம் நிறமாக. வாடகைப் படகுக்காரர் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்ளும் அளவில் ஒரு தாள்.

அந்தத் தாள் சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு அதுதான் இந்த நிகழ்வின் முக்கியத் திருப்பம். சில ஆண்டுகள் மீனவரும் முக்குளிப்பவரும் காவலரும் ஒரே வரைபடத்தைப் பார்த்துப் பேசிப் பழகிய பிறகே முழு மூடலைப் பற்றிய பேச்சு எழுந்தது. எடுத்த எடுப்பில் மூடச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஐரோப்பாவில் வேறு தீவுகள் சாட்சி.

2003: என்ன முடிவு, ஏன்

கேள்வி எளிமையாக வைக்கப்பட்டது: எதுவுமே எடுக்காமல் விட்டால் இந்தக் கடல் எப்படி இருக்கும்? பதில் தெரிய வேண்டுமானால் ஓர் இடத்திலாவது எதையும் எடுக்காமல் இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் அன்று நாட்டில் எங்கும் இல்லை. டெவன் கடல் மீன்பிடிக் குழு துணைவிதி இயற்றியது. கிழக்குக் கரையை ஒட்டிய 3.3 சதுர கி.மீ. பரப்பில் கூடு, தூண்டில், வலை, கையால் பொறுக்குவது எதுவும் கூடாது. முக்குளிக்கலாம், பார்க்கலாம், படம் எடுக்கலாம்.

ஏன் கிழக்கு? நால் பின்ஸ் உட்பட மிக நுண்மையான பவளப் பாறைகள் அங்கேதான். படகுகளின் நடமாட்டமும் அங்கேதான் அதிகம். ஆகவே உரசலும் அதிகம். மூன்றாவது காரணம் சாதாரணமானது: கரையிலிருந்து பார்த்தால் தெரியும். தீவில் காவலர் ஒருவர்தான். ரோந்துக்குப் பெரிய கப்பலும் கிடையாது. சரிவின் மேல் நடந்துபோகும் எவர் கண்ணுக்கும் கீழே கூடு இறக்கும் படகு படும். மேற்குப் பாறைக்குக் கீழே மூடியிருந்தால் தாளில் மட்டுமே மூடியிருக்கும்.

அந்தப் பக்கம் கூடு வைத்துவந்த மீனவர்கள் சிலரே. அவர்களின் ஒப்புதலோடு இது நடந்தது என்பது பதிவாகியிருக்கிறது. அவர்கள் ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்பதைப் பெரிய மனது என்று எழுதிவிட்டுப் போவது எளிது. கணக்கும் இருந்திருக்கும். மூடியது போகத் தீவைச் சுற்றி மற்ற இடமெல்லாம் கூட்டுக்குத் திறந்தே இருந்தது. இழுவை மடிக்காரர் காப்பகத்துக்குள் வர முடியாது. கூட்டுக்காரருக்கும் மடிக்காரருக்கும் உள்ள பகை உலகம் முழுக்க ஒன்றுதான். கூட்டுக் கயிற்றை மடி அறுத்துக்கொண்டு போகும். மடி வராத கடல் என்பதே அவர்களுக்கு ஒரு லாபம்.

என்ன நடந்தது: கூடு போட்டு எண்ணியது

2004 முதல் 2007 வரை நான்கு ஆண்டுகள் முறையாக எண்ணினார்கள். முறை, மீனவர் முறையேதான். மூடிய பகுதியிலும், அதை ஒட்டிய திறந்த பகுதியிலும், தொலைவில் வேறு கரைகளிலும் ஒரே வகைக் கூடுகளை இரை வைத்து வரிசையாக இறக்கி, குறித்த நேரம் கழித்துத் தூக்குவது.

கூடு மேலே வந்ததும் வேலை விரைவாக நடக்கும். சிங்கி இறாலை முதுகுப்பக்கமாகப் பிடித்து வெளியே எடுப்பார்கள். முன்பக்கம் கை போனால் விரல் போகும். கண்குழியின் பின்விளிம்பிலிருந்து முதுகு ஓடு முடியும் இடம்வரை அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் படிப்பார்கள். புரட்டிப் போட்டு, வால்பகுதித் துடுப்புகளில் முதல் இணை கெட்டியாகக் குச்சிபோல் இருந்தால் ஆண், மெல்லியதாக இருந்தால் பெண். முட்டை சுமக்கிறதா, கொடுக்கு உடைந்திருக்கிறதா, ஓட்டில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு திரும்பக் கடலில் விடுவார்கள். ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பதினெட்டு மாதத்துக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தது. நான்கு ஆண்டு முடிவில், பிடிக்கத்தக்க அளவை எட்டிய சிங்கி இறால் மூடிய பகுதியில் 127 சதவீதம் கூடியிருந்தது. இருமடங்கைத் தாண்டிய உயர்வு. உருவமும் சற்றுப் பெருத்திருந்தது. அளவு எட்டாத சிறியவை மூடிய பகுதியில் மட்டுமல்லாமல், அதை ஒட்டிய திறந்த பகுதியிலும் பெருகின. அங்கே உயர்வு இன்னும் கூடுதல். உள்ளே இடம் நெருக்கடியாகிச் சிறியவை வெளியே வழிந்தன என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். மீனவருக்கு இதில் நேரடி ஆர்வம் இருந்தது. இன்று வெளியே வழியும் சிறியது இரண்டு மூன்று வருடத்தில் அவர் கூட்டில் விழும் பெரியது.

செய்தி பரவியது. 2008-இல் ஸ்காட்லாந்தின் ஆரன் தீவில் லாம்லாஷ் விரிகுடாவில் 2.67 சதுர கி.மீ. மூடப்பட்டது. அங்கே தீவு மக்களே பதின்மூன்று ஆண்டு போராடி வாங்கினார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை. 2010 ஜனவரியில் லண்டியும் புதிய சட்டத்தின்கீழ் இங்கிலாந்தின் முதல் கடல் பாதுகாப்பு மண்டலம் ஆனது. பெயர்ப்பலகை மாறியது, கிழக்குப் பக்கத்து மூடல் அப்படியே தொடர்ந்தது.

எதிர்பாராத இரண்டு

முதலாவது, வெல்வெட் நண்டு. சிவப்புக் கண்ணும் முரட்டுக் குணமும் உள்ள சிறிய நண்டு. மூடிய பகுதியில் இதன் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. பெரிய சிங்கி இறால் அதைத் தின்றிருக்கலாம், பொந்தைவிட்டுத் துரத்தியிருக்கலாம், அல்லது சிங்கி இறால் உட்கார்ந்திருக்கும் கூட்டுக்குள் நுழைய நண்டு அஞ்சியிருக்கலாம். மூன்றாவது காரணம் உண்மையென்றால் நண்டு குறையவே இல்லை. நம் எண்ணும் முறைதான் குறைவாகக் காட்டியிருக்கிறது. கூட்டை வைத்து மட்டும் எண்ணுவதன் பலவீனம் இது.

இரண்டாவது, நோய். மூடிச் சில ஆண்டுகள் கழித்து ஸ்வான்சீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே பகுதியில் பார்த்தபோது, மூடிய பகுதிச் சிங்கி இறால்களில் காயமும் ஓட்டு நோயும் வெளியே இருப்பவற்றைவிட அதிகமாகத் தென்பட்டன. ஓட்டு நோய் என்பது பாக்டீரியா ஓட்டை அரித்துக் கரும்புள்ளியாக்குவது. நெருக்கம் கூடினால் சண்டை கூடும்; சண்டையில் காயம்; காயத்தின் வழியே நோய். வயதும் சேர்ந்துகொள்கிறது. இளம் சிங்கி இறால் அடிக்கடி ஓடு கழற்றிப் புது ஓடு போட்டுக்கொள்ளும். முதியது அரிதாகவே கழற்றும். ஆகவே பழைய ஓட்டைக் கூடுதல் காலம் சுமக்கும்.

இதை வைத்து "மூடியதால் நோய் வந்தது" என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. முதியோர் அதிகமுள்ள ஊரில் மூட்டுவலி அதிகம் இருக்கும்; அதற்காக ஊரைக் குறை சொல்ல மாட்டோம். எடுக்காமல் விட்ட கடலில் முதுமையும் காயமும் நோயும் இருப்பதே இயல்பாக இருக்கலாம். அப்படி ஓர் இடம் அதுவரை இல்லாததால், இயல்பு எதுவென்று ஒப்பிட்டுப் பார்க்க ஆதாரமும் இல்லை. இருந்தாலும், பிடிப்பதை அறவே நிறுத்துவதா, நெருக்கம் மீறினால் சிறிது எடுக்க விடுவதா என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுந்தது. அது தீராத கேள்வி.

பவளம் பேசவில்லை

இனி, எதற்காக மூடினார்களோ அது. பாறையில் ஒட்டி வாழும் கடல் விசிறி, கடற்பஞ்சு, கிண்ணப் பவளம் ஆகியவற்றை முக்குளித்துப் படமெடுத்து ஒப்பிட்டார்கள். முதல் சில ஆண்டுகளில் மூடிய பகுதிக்கும் திறந்த பகுதிக்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் உயிர் நான்கு வருடத்தில் நான்கு சென்டிமீட்டர்தான் பதில் சொல்லும்.

காத்திருந்தால் தெரியும் என்று விட்டுவிட முடியாது. கடல் விசிறிக்கு 2000-களின் தொடக்கத்திலேயே தென்மேற்கு இங்கிலாந்தில் நோய் கண்டது, லண்டியிலும். விசிறியின் சதை கழன்று வெறும் எலும்புக்குச்சி தெரியும். மேலே பாசி படரும். அந்திநிறக் கிண்ணப் பவளம் 1980-களிலிருந்தே குறைந்துவருவது பதிவில் இருக்கிறது. புதிய குஞ்சுகள் ஒட்டுவது அரிது. எல்லை ஓரத்தில் வாழும் இனத்துக்கு அதுவே இயல்பு. இரண்டுக்கும் கூடு காரணமில்லை, தூண்டிலும் காரணமில்லை. மீன்பிடியை நிறுத்துவது மீன்பிடியால் வரும் தீங்கை நிறுத்தும். அவ்வளவுதான். நோயும் நீரின் சூடும் துணைவிதியைப் படித்துவிட்டு வருவதில்லை.

ஒன்றைப் பவளப் பக்கமாகவும் சொல்ல வேண்டும். நால் பின்ஸில் நங்கூரம் போடத் தடை இருக்கிறது. சங்கிலி உரசாத பாறை என்பது உடனே எண்ணிக்கையில் காட்ட முடியாத லாபம். ஒடியாத விசிறியை யாரும் எண்ணுவதில்லை.

கரையில் நடந்தது: எலியும் விருந்தாளியும்

கடலை மூடிய அதே குளிர்காலங்களில் கரையில் வேறொரு வேலை நடந்தது. கப்பல்களோடு வந்திறங்கிய எலிகள் தீவின் கடற்பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவந்தன. பெயருக்குக் காரணமான பஃபின் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்திருந்தது. 2002-க்கும் 2004-க்கும் இடையில் தீவு முழுக்க இரைப்பெட்டி வைத்து எலிகளை ஒழித்தார்கள். பிரிட்டனில் அரிதாகிவிட்ட கறுப்பு எலியும் அவற்றில் ஒன்று என்பதால் எதிர்ப்பும் கிளம்பியது. 2006-இல் எலி இல்லாத தீவு என்று அறிவித்தார்கள். 2019-இல் எண்ணியபோது பஃபின் 375. பொந்தில் முட்டையிடும் மேங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை சுமார் 300 இணையிலிருந்து 5,500 இணையாகியிருந்தது. அதற்குப் பிறகும் ஏறுமுகம்தான்.

கடல் மூடலைவிட வருகையாளர் பணத்தோடு நேரடியாகக் கட்டுண்டது இந்த வேலை. பஃபின் பார்க்கத்தான் பலர் டிக்கெட் வாங்குகிறார்கள். அதே டிக்கெட் வழியாகத்தான் எலியும் திரும்பி வரலாம். ஒரு மூட்டை உருளைக்கிழங்கில், ஒரு பயணியின் முதுகுப்பையில். ஆகவே பல்தடம் பதியும் மெழுகுக்கட்டிகளை வைத்து வைத்துப் பார்ப்பது தீர்ந்த வேலையில்லை. மேற்குப் பாறைகளில் ஏறுபவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை பறவை கூடுகட்டும் பாறைகள் மூடல். ஏறுபவர்களின் அமைப்போடு பேசி வைத்த ஏற்பாடு, பெரும்பாலும் மதிக்கப்படுகிறது.

பகல்நேரப் பயணி தீவில் இருப்பது சில மணி நேரம். துறையிலிருந்து மேலே ஏறவே இருபது நிமிடம் மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் காவலரோ தன்னார்வலரோ கூட்டிப்போய்ப் பாறைக்குட்டைகளைக் காட்டுவதும், கோடையில் முகமூடியும் குழலும் மாட்டிக் கரையோரம் மிதக்க வைப்பதும் உண்டு. மூடிய கடலை விருந்தாளி காணும் வாய்ப்பு அது ஒன்றே. மற்றபடி அவர் பார்ப்பது சாம்பல் நிற நீர்தான்; அதன் கீழே என்ன காக்கப்படுகிறது என்று கப்பலில் இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் 2020-இல் வெளிப்பட்டது. பெருந்தொற்றில் தீவை மூடினார்கள், கப்பல் நின்றது, வருமானமும் நின்றது. எலி காவலும் கடல் காவலும் நிற்க முடியாத வேலைகள். விருந்தாளியை நம்பி நடக்கும் காப்பகத்துக்கு விருந்தாளி வராத வருடத்துக்கென்று ஒரு சேமிப்பு வேண்டும் என்பது, வந்த பிறகு பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கிறது.

மறுபடி செய்தால் எதை மாற்றுவது

மூடுவதற்கு முன்பே எண்ணியிருக்க வேண்டும். மூடியது 2003 ஜனவரி. ஒப்பிடக்கூடிய எண்ணிக்கை தொடங்குவது 2004-இல். முன்னிலை தெரியாததால், பக்கத்துப் பகுதியையும் தொலைவுப் பகுதியையும் வைத்தே பலனைக் காட்ட வேண்டியிருந்தது. ஆய்வாளர்கள் அதைத் திறமையாகச் செய்தார்கள். ஆனாலும் இரண்டு வருடம் முன்கூட்டிக் கூடு போட்டிருந்தால் பாதி விவாதம் எழுந்தே இருக்காது. மூடும் தேதியை அறிவிக்கும் அவசரத்தில் எல்லா இடத்திலும் முதலில் அடிபடுவது இதுதான்.

கண்காணிப்பின் காலத்தை உயிரின் வேகத்துக்குத் தக்கபடி வைக்க வேண்டும். நிதி நான்கைந்து வருடத்துக்கு வந்தது. சிங்கி இறாலுக்கு அது போதும், கடல் விசிறிக்குப் போதாது. வருடாவருடம் பெரிய ஆய்வு தேவையில்லை. குறித்த சில பாறைகளை, குறித்த கோணத்தில், ஐந்து வருடத்துக்கொருமுறை படமெடுக்கும் செலவு சிறிதே. அதைத் துணைவிதியிலேயே கடமையாக எழுதியிருக்கலாம்.

அடுத்தது பணத்தின் பாதை. கப்பலில் வருபவர் கட்டணம் தருகிறார். அவர் கடலைத் தொடுவதில்லை. வாடகைப் படகில் வந்து மூழ்குபவர் கடலைத் தொடுகிறார். தீவுக்கு அவரால் வருமானம் குறைவு. ஸ்பெயினின் மெடெஸ் தீவுகளில் முக்குளிப்பவர் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, நாளுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் வைத்திருக்கிறார்கள். லண்டியின் குளிர்ந்த நீருக்கு அந்தக் கூட்டம் வராது. ஆனாலும் சிறு தொகை ஒன்று வாங்கினால் அந்தப் படமெடுப்புச் செலவுக்குக் காணும்.

கடைசியாக முள் சிங்கி இறால். லண்டியின் கடல் பாதுகாப்பு மண்டலத்தில் காக்கப்பட வேண்டிய இனம் என்று குறிக்கப்பட்டது இதுவே. 1970-களில் எடுத்துத் தீர்த்த அதே உயிர். 2014-ஐ ஒட்டித் தென்மேற்கு இங்கிலாந்தின் பல இடங்களில் இதன் குஞ்சுகள் மீண்டும் தென்படத் தொடங்கின. மூடிய இடத்திலும் திறந்த இடத்திலும் சேர்ந்தாற்போலத்தான். லண்டியைச் சுற்றி நாளை இவை கூடினால், அதை 3.3 சதுர கிலோமீட்டரின் பலன் பட்டியலில் சேர்க்க ஆசை வரும். சேர்க்கும் முன் திறந்த பகுதியிலும் கூடு போட்டு எண்ண வேண்டும்.